பாட்டன் பாட்டியர் நினைவும் ஊர் வரலாறும்

நொய்யலாற்றின் வடகரையில், சென்னிமலைக்கு அண்மையில், கொடுமணல் என்னும் சிற்றூர் இருக்கிறது. சங்க காலத்தில் மணிகளுக்குப் பெயர் பெற்ற ஊர் அது. 1985 முதல் அங்கே நடந்த அகழாய்வுகளில் பழைய குடியிருப்புகளும், ஈமச் சின்னங்களும், மணிகள் செய்த பட்டறைகளும் வெளிப்பட்டன. தமிழ் பிராமி எழுத்துகள் கீறப்பட்ட பானை ஓடுகளும் மிகப் பலவாகக் கிடைத்தன. அவ்வோடுகளில் நாம் காண்பவை பெரும்பாலும் ஆதன் என்பது போன்ற குடிமக்களின் பெயர்களே. ஒரு பானையின்மேல் கீறிய பெயரால், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னரும் அம்மனிதன் வாழ்ந்தான் என்பதை நாம் அறிகின்றோம்.

அவ்வாற்றை எதிர்த்து மேற்கே சென்றால் திருப்பூர் வருகிறது. கடந்த நூறு ஆண்டுகளில் இந்நகரிலும் இதன் சுற்றுப்புறத்திலும் நூல் நூற்றவர், துணி நெய்தவர், பனியன் தைத்தவர், சலவை செய்தவர், சாயம் தோய்த்தவர் எண்ணிலடங்காதவர். அவர்கள் செய்த ஆடை உலகின் பல நாடுகளில் உடுத்தப்படுகின்றது. ஆயினும் ஆடை கிழிந்துபோகும். செய்தவர் பெயர் அதில் இல்லை. கொடுமணல் ஆதனுக்கு வாய்த்த பானை ஓடுகூட நம் பாட்டிமாருள் பலருக்கு வாய்க்கவில்லை. அவர்களுடைய வரலாறு எங்கே இருக்கிறது? இன்று உயிரோடிருக்கும் முதியோர் நினைவில் இருக்கிறது. குடும்பத்தார் ஒன்றுகூடும் நாள்களில் அது வாய்விட்டுச் சொல்லப்படுகிறது. அதனைக் கேட்பதும், ஆராய்வதும், எழுதி வைப்பதும் மாணவர்களாகிய உங்கள் கையில் இருக்கின்றன. அதனையே இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

வரலாற்றுக்குச் சான்றுகள் எவை என்று வகுப்பில் கேட்டால், கல்வெட்டு, செப்பேடு, நாணயம், இலக்கியம், அரசாங்க ஆவணம் என்று மாணவர் வரிசையாகக் கூறுவர். அவ்விடை சரியானதே. ஆனால் அவற்றுள் பெரும்பகுதி ஆட்சியில் இருந்தவராலும், கொடை கொடுக்க வல்லவராலும், எழுத்தறிந்தவராலும் செய்யப்பட்டது. எழுத்தறியாதவர், நிலமில்லாதவர், வீட்டுக்குள்ளேயே வாழ்ந்த பெண்டிர் ஆகியோரைப் பற்றி அவை சிறிதே பேசும். அக்குறையை நிறைக்க வல்லது வாய்மொழி நினைவு.

நம் கொங்கு நாட்டில் குடும்பக் கூட்டங்கள் பழங்காலத்தில் இந்நினைவைக் காக்கும் களஞ்சியங்களாகவே இருந்தன. உழவர் குடிகள் பலவும் கூட்டம் என்று சொல்லப்படும் குலப்பிரிவுகளாகப் பிரிந்திருக்கின்றன. ஒவ்வொரு கூட்டத்துக்கும் காணியூர் என்று ஓர் ஊரும், அவ்வூரில் ஒரு குலதெய்வக் கோயிலும் உண்டு. காங்கேயம், தாராபுரம் பகுதிகள் மழை குறைந்த புன்செய் நிலங்கள். மழை பொய்த்தபோதும், பங்கு பிரிந்தபோதும் மக்கள் வேறிடம் சென்று கிணறு வெட்டிக் குடியேறினார்கள். வீடு மாறியது, நிலம் மாறியது, குலதெய்வம் மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது. ஆதலால், 'உங்கள் கோயில் எந்த ஊரில் இருக்கிறது?' என்ற வினாவுக்கு ஒரு குடும்பம் தரும் விடை, அக்குடும்பம் எங்கிருந்து புறப்பட்டது என்பதற்கு ஒரு குறிப்பாகும். ஆண்டுக்கொரு முறை பொங்கல் வைக்கவும், பிள்ளைக்கு முடி இறக்கவும், காது குத்தவும் எல்லோரும் அங்கே கூடும்போது, யார் யாருக்கு என்ன உறவு, யார் எந்த ஆண்டில் எந்த ஊருக்குப் போனார் என்னும் செய்திகள் இளையோர் காதில் விழுந்தன. பள்ளிக்கூடம் இல்லாத காலத்தில் அதுவே வரலாற்றுப் பாடம்.

நினைவைக் காத்தவர்கள் இரத்த உறவினர் மட்டும் அல்லர். கொங்கு நாட்டுத் திருமணத்தில் அருமைக்காரர் என்னும் பெரியவர் சடங்குகளை முன்னின்று நடத்துவார். மங்கல வாழ்த்தைப் பாடுபவர் முடிதிருத்தும் தொழில் செய்யும் குடிமகன். சீர்களின் வரிசையும் பொருளும் அப்பாட்டின் வழியே தலைமுறை தலைமுறையாக வந்தன. பொன்னர் சங்கர் என்னும் அண்ணன்மார் கதையும் இவ்வாறே பாடகர்களின் நாவில் வாழ்ந்தது. 1960-களின் நடுவில் பிரெண்டா பெக் என்னும் மானிடவியல் அறிஞர் காங்கேயம் பகுதியிலுள்ள ஒரு சிற்றூரில் தங்கி ஆய்வு செய்தார். 1965-இல் அக்கதையைப் பாடகர் பல இரவுகள் பாட, ஒலிநாடாவில் பதிவு செய்தார். அது பின்னர் 1992-இல் தமிழும் ஆங்கிலமுமாகச் சென்னையில் நூலாக வெளிவந்தது. பாடகர் இருக்கும்போதே ஒருவர் வந்து கேட்டமையால், அவர் பாடிய வடிவம் நமக்குக் கிடைத்தது. கேட்பார் இன்றி மறைந்த பாடகர் எத்தனை பேர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஏடுகளைத் தேடி ஊர் ஊராய் அலைந்தவர் என்பதை யாவரும் அறிவர். ஏட்டுச்சுவடியின் அருமையை அவரைவிட நன்கு உணர்ந்தவர் இலர். அத்தகையவர் 1940-இல் ஆனந்த விகடனில் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதத் தொடங்கியபோது, தம் ஊராகிய உத்தமதானபுரம் எவ்வாறு தோன்றியது என்று வழிவழியாகச் சொல்லப்பட்டு வந்த கதையையும், தம் முன்னோர் வரலாற்றையும் முன்வைத்தே தொடங்கினார். ஏட்டைப் போற்றிய அறிஞர், பெரியோர் வாய்ச்சொல்லையும் போற்றினார் என்பதை நாம் மனத்தில் கொள்ள வேண்டும்.

இனித் திருப்பூருக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோயம்புத்தூர் மாவட்டத்தில் கம்போடியாப் பருத்தி பரவியது. கிணற்று நீரில் விளைந்த அப்பருத்தி இரயில் வசதி பெற்ற திருப்பூர்ச் சந்தைக்கு வந்து குவிந்தது. 1925-இல் காந்தியடிகளின் முயற்சியால் அகில இந்திய சர்க்கா சங்கம் நிறுவப்பட்டபோது, அதன் தமிழ்நாட்டுக் கிளை திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டது. சுற்றியுள்ள ஊர்களில் பெண்கள் இராட்டையில் நூற்றார்கள், நெசவாளர் நெய்தார்கள், திருப்பூரிலிருந்து கதர் பல இடங்களுக்கும் சென்றது. காந்தியடிகளும் பலமுறை இவ்வூருக்கு வந்தார். இவ்வளவும் புத்தகங்களில் இருக்கின்றன.

புத்தகத்தில் இல்லாத ஒன்றை நான் என் அம்மாயியிடம் கேட்டேன். அவர் ஊத்துக்குளிப் பக்கத்துச் சிற்றூரில் வாழ்ந்தவர். இளமையில் கதர் நூல் நூற்றவர். பொங்கலுக்கு நாங்கள் பேரன் பேத்திகள் எல்லோரும் கூடும்போது, கரும்பைக் கடித்துக்கொண்டு அவரைச் சுற்றி உட்காருவோம். பகலெல்லாம் காட்டு வேலை; இரவில் விளக்கடியில் இராட்டை. சந்தை நாளில் நூற்ற சிட்டங்களைக் கொடுத்துவிட்டுப் பஞ்சு வாங்கி வர வேண்டும். நூலை இழுத்துப் பார்ப்பார்கள்; முறுக்குக் குறைந்திருந்தால் கூலியும் குறையும். அவ்வாறு சேர்த்த காசில் ஒரு பித்தளைக் குடம் வாங்கினாராம். 'இது யாரையும் கேட்காமல் நான் வாங்கினது, சாமி' என்று சொல்லி அக்குடத்தைத் தடவிக் காட்டுவார். கதர் இயக்கத்தால் நூற்போர் பெற்ற கூலி இவ்வளவு என்று அறிக்கைகள் கூறக்கூடும். ஒரு பெண் தன் கணவனையோ மாமனாரையோ கேளாமல் செலவு செய்த முதற்காசு அது என்பதை அம்மாயி ஒருவரே சொல்ல முடிந்தது.

1932 ஜனவரி 10-ஆம் நாள் திருப்பூரில் தடையை மீறிச் சென்ற ஊர்வலத்தில் குமரன் தடியடிபட்டு வீழ்ந்தார், மறுநாள் உயிர்நீத்தார். அவர் 1904-இல் சென்னிமலையில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். அவர் பெயரால் சாலை இருக்கிறது. 2004-இல் அஞ்சல்தலையும் வெளிவந்தது. தியாகி ஒருவரை நாடு இவ்வாறு போற்றுவது முறையே. ஆனால் அன்று தெருவோரத்தில் நின்று பார்த்தவர்கள், கதவைச் சாத்திக்கொண்டவர்கள், இரவெல்லாம் அடுப்பு மூட்டாமல் இருந்த வீட்டினர் ஆகியோர் என்ன நினைத்தார்கள்? அன்று அந்நகரில் இருந்த குடும்பங்களின் வழியேதான் அதனை அறிய வேண்டும். கண்ணால் கண்டவர் இன்று இலர். அவர்களிடம் கேட்ட பிள்ளைகளும் முதுமை எய்திவிட்டார்கள். அவர்களையும் கேளாமல் விட்டால் அந்நினைவு அவர்களோடு முடிந்துவிடும்.

கதருக்குப் பின்னால் பனியன் வந்தது. 1920-களில் கையால் சுற்றும் பின்னல் எந்திரங்களோடு தொடங்கிய இத்தொழில், 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பின்பு மெல்ல வளர்ந்தது. நாடு விடுதலை பெற்ற பிறகு வேகமாகப் பெருகியது. கிணறு வற்றிய உழவர் வீட்டுப் பிள்ளைகள் நகருக்கு வந்து கைமடியாகச் சேர்ந்து, டெய்லராகி, கட்டிங் மாஸ்டராகி, சிலர் முதலாளிகளும் ஆயினர். 1970-களின் இறுதியில் வெளிநாட்டு ஏற்றுமதி தொடங்கியது. 1984-இல் பஞ்சப்படிக்காகத் தொழிலாளர் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். 1990-இல் ஏற்றுமதியாளர் சங்கம் அமைந்தது. 2009-இல் திருப்பூர் தனி மாவட்டம் ஆயிற்று. ஒரு மனிதர் வாழ்நாளுக்குள் ஒரு சந்தை ஊர் உலகச் சந்தையோடு இணைந்துவிட்டது.

நான் தலைமையாசிரியராய் இருந்த காலத்தில், அரையாண்டு விடுமுறைக்கு முன் ஒன்பதாம் வகுப்பு மாணவருக்கு ஒரே ஒரு வினாவை எழுதிக் கொடுத்தேன். 'உங்கள் வீட்டு மூத்தவர் முதன்முதல் வாங்கிய கூலி எவ்வளவு? அதை என்ன செய்தார்?' என்பது அவ்வினா. விடுமுறை முடிந்து வந்த விடைகளை வாசித்து நான் வியப்படைந்தேன். ஒருவன் அப்பாரு, தாம் சிறுவனாய்க் கைமடி வேலைக்குப் போனபோது எட்டாத மேசைக்குப் பலகை போட்டு நின்றதைச் சொல்லியிருந்தார். ஒருத்தி ஆத்தா, பனியன் கம்பெனிக்குப் போகும் பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்று ஊரார் பேசியதையும், அதே ஊராரே சில ஆண்டுகளுக்குப் பின் தம் பெண்களை அனுப்பி வைத்ததையும் சொல்லியிருந்தார். வேலைநிறுத்தத்தின்போது தாலிக்கொடி அடகு போன செய்தியும் ஒரு விடையில் இருந்தது. பெண்கள் ஆலை வேலைக்கு வந்தமை ஒரு சமுதாய மாற்றம் என்று நான் பல ஆண்டுகள் பாடம் நடத்தியதுண்டு. அம்மாற்றத்தில் ஒரு குடும்பம் எவ்வளவு பழிச்சொல்லைத் தாங்கியது என்பதை அக்கோடு போட்ட தாளிலேதான் கண்டேன்.

இன்னொன்றையும் முதியோரே சொல்ல முடியும். அது நொய்யலின் கதை. வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் கோவையையும் திருப்பூரையும் கடந்து காவிரியில் கலக்கும் ஆறு அது. சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் பெருகியபின் அதன் நீர் நிறம் மாறியது. பாசனத்துக்காக 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் கழிவு நீர் தேங்கி, உழவருக்கு உதவ வேண்டிய அணை அவர்களுக்கே துன்பமாயிற்று. உழவர் நீதிமன்றம் சென்றனர். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. கழிவு நீரை ஆற்றில் விடாது சுத்திகரிக்கும் முறையை மேற்கொண்ட பின்னரே அவை இயங்க வழி பிறந்தது. இன்று பள்ளியில் படிக்கும் சிறுவனுக்கு நொய்யல் என்றால் நுரையும் நாற்றமும் நினைவுக்கு வரலாம். அவனுடைய அப்புச்சிக்கோ, மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்த நீர் நினைவுக்கு வரும். ஆறு முன்பு எவ்வாறு இருந்தது என்று சொல்ல ஒருவர் இருந்தால்தான், அது மீண்டும் அவ்வாறு இருக்க வேண்டும் என்று கேட்க இளையவனுக்குத் தோன்றும். இல்லையேல், ஆறு என்பதே இப்படித்தான் என்று அவன் அமைந்துவிடுவான்.

இதெல்லாம் தனியாக ஒரு முதியவரிடம் போய்க் கேட்டாலே போதாதா, குடும்பம் கூடுவது எதற்கு என்று நீங்கள் வினவலாம். 1925-இல், அதாவது சர்க்கா சங்கம் தோன்றிய அதே ஆண்டில், மோரிஸ் ஹால்ப்வாக்ஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் நினைவைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். மனிதன் தனியே இருந்து நினைவுகொள்வதில்லை. குடும்பம், சமயம், தொழில் முதலிய கூட்டங்களின் நடுவேதான் நினைவுகொள்கிறான் என்பது அவர் கொள்கை. நம் வீட்டுக் கூட்டத்தைப் பார்த்தால் இது விளங்கும். தாத்தா ஒன்று சொல்வார். 'அது அந்த வருசம் இல்லீங்க, மூத்தவன் பிறந்த வருசம்' என்று பாட்டி திருத்துவார். சின்னத் தாத்தா அதற்கு மேலும் ஒன்றைச் சேர்ப்பார். ஒருவர் மறந்ததை மற்றவர் எழுப்புகிறார். ஒருவர் மிகைப்படுத்தியதை மற்றவர் குறைக்கிறார். நீதிமன்றத்தில் சாட்சிகளை ஒப்பு நோக்குவது போன்ற வேலை அங்கே சிரிப்போடு நடைபெறுகிறது.

உலகத்தின் பிற பகுதிகளிலும் இதன் அருமையை உணர்ந்தார்கள். அமெரிக்காவில் அடிமை முறை 1865-இல் ஒழிந்தது. 1936 முதல் 1938 வரை அந்நாட்டு அரசாங்கத்தின் எழுத்தாளர் திட்டம் ஒன்று, அடிமைகளாய் இருந்து அப்போது முதுமையடைந்திருந்த 2,300-க்கு மேற்பட்டோரின் நினைவுகளை எழுதிச் சேர்த்தது. சில ஆண்டுகள் தாழ்த்தியிருந்தால் அவர்களுள் பெரும்பாலோர் மறைந்திருப்பர். ஆயினும் கேட்கச் சென்றவர்களுள் பெரும்பாலோர் வெள்ளையராய் இருந்தமையால், முதியோர் சிலர் அஞ்சி அஞ்சிப் பேசினர் என்று பின்வந்த வரலாற்றாசிரியர் கண்டனர். கேட்பவர் யார் என்பதைப் பொறுத்தே சொல்லும் செய்தியும் அமைகிறது. ஆதலின், அயலார் ஒருவரிடம் சொல்லத் தயங்குவதையும் ஒரு முதியவர் தம் பேரனிடம் சொல்லக்கூடும்.

நம் நாட்டில் 1947-ஆம் ஆண்டுப் பிரிவினையைப் பற்றி நூல்கள் பல எழுந்தன. அவற்றுள் பெரும்பாலானவை தலைவர்களின் பேச்சுவார்த்தைகளையே ஆராய்ந்தன. ஊர்வசி புட்டாலியா என்னும் எழுத்தாளர், லாகூரிலேயே தங்கிவிட்ட தம் தாய்மாமனைத் தேடிச் சென்று, தம் குடும்பம் பிரிந்த கதையைக் கேட்டார். அங்கிருந்து தொடங்கி, பிரிவினையில் துன்புற்ற பெண்கள், குழந்தைகள், ஒடுக்கப்பட்டோர் பலரின் நினைவுகளையும் திரட்டி 1998-இல் நூலாக்கினார். ஒரு வீட்டுக் கதை நாட்டு வரலாற்றின் கதவைத் திறந்தது.

இவ்வாறு சொல்வதால், முதியோர் கூறுவது அனைத்தும் அப்படியே உண்மை என்று கொண்டுவிடக் கூடாது. நினைவுக்கு மூன்று குறைகள் உண்டு. முதலாவது, காலக் குழப்பம். என் அம்மாயி எதைக் கேட்டாலும் 'காந்தி வந்த வருசம்' என்பார். காந்தியடிகள் பலமுறை வந்தவராயிற்றே! ஆகவே, 'குமரன் அடிபட்டதற்கு முன்னா, பின்னா? ஊருக்குக் கரண்டு வருவதற்கு முன்னா, பின்னா?' என்று கேட்டுக் கேட்டுத்தான் ஆண்டை நெருங்க முடிந்தது. அவருக்கு முந்திய தலைமுறையினர் தாது வருசப் பஞ்சத்தை வைத்துக் கணக்கிட்டனர். அது 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சம். இவ்வாறு நாளறிந்த நிகழ்ச்சி ஒன்றோடு முடிந்து வைத்தால் நினைவு வரலாறாகத் தொடங்கும். ஆப்பிரிக்க மக்களின் வாய்மொழி மரபை ஆராய்ந்த ஜான் வான்சினா 1961-இல் எழுதிய நூலும், வாய்மொழிச் சான்றை ஏட்டுச் சான்றைப் போலவே சோதித்துக் கொள்ள வேண்டும் என்று வற்புறுத்துகிறது.

இரண்டாவது குறை, பெருமை. எந்தக் குடும்பமும் தன் முன்னோர் வாரி வழங்கியதைச் சொல்லும்; வட்டி வாங்கியதைச் சொல்லாது. மூன்றாவது குறை, மௌனம். இதுவே பெரிது. கவலை இறைத்துத் தோட்டம் உண்டாக்கிய கதையைப் பெருமிதத்தோடு சொல்பவர், அக்கவலைக்குத் தோல் தைத்துக் கொடுத்தவர் கதையைச் சொல்வதில்லை. அவர் எந்த வாசலுக்கு அப்பால் நிறுத்தப்பட்டார், எந்தக் கிணற்றில் நீர் எடுக்க மறுக்கப்பட்டார் என்பதைச் சொல்வதில்லை. உங்கள் பாட்டி ஒரு கதை சொன்னால், அக்கதையில் பேசாமல் நிற்பவர் யார் என்று கேளுங்கள். பிறகு உங்கள் வகுப்பில் அருகிலிருக்கும் தோழனின் பாட்டியிடமும் கேளுங்கள். குலப்பெருமை பேசி மற்றவரைத் தாழ்த்துவதற்குப் பயன்படுமானால் குடும்ப நினைவு வரலாறு ஆகாது. இரண்டு பாட்டிமார் சொல்வதையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும் மாணவனே ஊர் வரலாற்றை அறிந்தவன்.

இன்று திருப்பூரில் வாழும் குடும்பங்களுள் பல, பாட்டன் பாட்டியரைப் பிரிந்து வாழ்பவை. தென் மாவட்டங்களிலிருந்தும் காவிரிக் கரையிலிருந்தும் வந்தவர் ஒருபுறம். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தவர் ஒருபுறம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கம்பெனிகள் மூடியதும் பேருந்து நிலையமும் இரயில் நிலையமும் நிரம்பி வழிகின்றன. ஆண்டு முழுவதும் ஒன்றரை ஷிப்ட் வேலை பார்த்த தாய் தந்தையர், ஒரு சில நாள்களுக்காகப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். பயணத்தில் ஒரு பகுதி, உறக்கத்தில் ஒரு பகுதி, கடைவீதியில் ஒரு பகுதி கழிந்துவிட, எஞ்சியதைக் கைப்பேசியும் தொலைக்காட்சியும் எடுத்துக்கொள்கின்றன. பாட்டி பலகாரம் சுட்டுக்கொண்டே இருக்கிறார். பேரன் தின்றுகொண்டே இருக்கிறான். இருவரும் பேசிக்கொள்ளாமலே திரும்பும் பேருந்து வந்துவிடுகிறது.

ஆதலால் மாணவ நண்பர்களுக்குச் சில எளிய வழிகளைக் கூறுகிறேன். கூடும் நாளில் ஒரு மணி நேரத்தை இதற்கென ஒதுக்குங்கள். 'உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்' என்று பொதுவாகக் கேட்டால், 'என்ன சாமி இருக்கிறது சொல்ல' என்றே விடை வரும். பொருளைக் காட்டிக் கேளுங்கள்: இந்தக் குடம் எப்போது வாங்கியது? இந்தப் படத்தில் பின்னால் நிற்பவர் யார்? முதற்கூலி எவ்வளவு? முதலில் பார்த்த இரயில் எது? ஆற்றில் கடைசியாக எப்போது குளித்தீர்கள்? ஆண்களைப் போலவே பெண்களையும் கேளுங்கள். பெண்கள் பேசும்போது ஆண்கள் குறுக்கிட்டால், பணிவோடு சற்றுப் பொறுக்கச் சொல்லுங்கள். அவர்கள் சொல்லை உங்கள் சொல்லாக மாற்றாமல், அவர்கள் வழக்கிலேயே எழுதுங்கள். உங்கள் கையிலுள்ள கைப்பேசியில் அவர்கள் குரலையும் பதிவு செய்யலாம். முதலில் அனுமதி கேளுங்கள். சொல்ல விரும்பாத துன்பத்தைத் தோண்டி எடுக்க வேண்டா. கேட்ட நாள், இடம், சொன்னவர் பெயர், ஏறத்தாழ வயது ஆகியவற்றைத் தாளின் தலைப்பில் குறியுங்கள். பழைய புகைப்படத்தின் பின்புறத்தில் பென்சிலால் பெயர்களை எழுதி வையுங்கள். எழுதியதை அவர்களுக்கே படித்துக் காட்டுங்கள், திருத்தம் சொல்வார்கள், புதியதும் சொல்வார்கள்.

தொலைவிலுள்ள பாட்டியைக் காண முடியாத பிள்ளைகள் ஞாயிறுதோறும் தொலைபேசியில் ஒரு வினாக் கேட்கலாம். பீகாரிலிருந்து வந்து நம் பள்ளியில் தமிழ் கற்கும் மாணவன் தன் பாட்டி சொன்னதைத் தமிழில் எழுதட்டும். அதுவும் இனித் திருப்பூர் வரலாற்றின் ஒரு பக்கமே.

இதனால் முதியோர்க்கும் ஒரு நன்மை உண்டு. வேலை செய்ய இயலாத வயதில், தாம் யாருக்கும் பயன்படவில்லை என்னும் எண்ணம் அவர்களை வாட்டுகிறது. பேரன் ஒருவன் நோட்டும் பென்சிலுமாக வந்து எதிரே உட்கார்ந்தால், தம் உழைப்பு வீண்போகவில்லை என்று அவர்கள் உணர்கிறார்கள். இளையவனுக்கோ, தான் உடுத்தும் சட்டையும், படிக்கும் படிப்பும் யாருடைய கைகளால் வந்தன என்பது விளங்குகிறது. அன்பும் வரலாறும் ஒருங்கே வளர்கின்றன.

கொடுமணலில் பெயரைக் கீறியவர்கள், அதனை நாம் படிப்போம் என்று எண்ணியிருக்க மாட்டார்கள். நம் வீட்டு முதியவர்களும் தம் வாழ்க்கை எழுதத்தக்கது என்று எண்ணுவதில்லை. அதனால் தாமாகச் சொல்ல மாட்டார்கள். நீங்கள்தான் கேட்க வேண்டும். கல்வெட்டு நூறாண்டு காத்திருக்கும். எண்பது வயது முதியவர் அவ்வாறு காத்திருக்க இயலாது. வரும் விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படும்போது, துணிப்பையோடு ஒரு நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துச் செல்லுங்கள்.